கேஸில் எழுதப்படாதவை

புகலிடத் தமிழில் வந்து சேர்ந்த சொற்களுள் 'கேஸ்' என்பதைப் போல எம்மவர் வாயில் அடிபட்ட சொற்கள் குறைவு. 'கேஸ் குடுத்தாச்சோ?', 'அண்ணை, கேஸ் என்னமாதிரிப் போகுது?', 'அவைக்குக் கேஸ் சரிவந்திட்டுதாம்.' நலம் விசாரிப்பதற்குப் பதிலாகக் கேஸை விசாரித்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் அந்தக் கேஸின் பெயர் ஐ-589 படிவம். நூவார்க், சான் பிரான்சிஸ்கோ, ஹூஸ்ரன் ஆகிய தஞ்ச அலுவலகங்களின் மேசைகளில் எம்மவர் பலரின் வாழ்க்கை அந்தப் படிவத்துக்குள் அடங்கும் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டது.

1980ஆம் ஆண்டின் அமெரிக்க அகதிகள் சட்டம் கேட்பது ஒன்றைத்தான். இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாக நீ துன்புறுத்தப்பட்டாய் அல்லது துன்புறுத்தப்படுவாய் என்ற தக்க அச்சம் உனக்கு உண்டா? படிவத்தில் படிப்புக்கும் தொழிலுக்கும் கட்டங்கள் உண்டு. ஆனால் தீர்ப்பு அவற்றில் தங்கியிருப்பதில்லை. ஐம்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பஞ்ச காலத்திலும் சீட்டுக்காசு பிசகாமல் கட்டிமுடித்தவர், வள்ளம் கட்டத் தெரிந்தவர் என்பதெல்லாம் அங்கே செல்லாக்காசு. அச்சம் ஒன்றே அங்கு செல்லும் நாணயம். அந்த நாணயமும் சிலவேளை செல்லாது போகும். 2017இல் கலிபோர்னியா எல்லையில் பிடிபட்ட விஜயகுமார் துரைசிங்கம் என்ற தமிழ் விவசாயி, வானில் வந்த ஆட்கள் தன்னைக் கடத்தி அடித்ததைச் சொன்னார். அடி விழுந்ததை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர் யார், எதற்காக அடித்தார் என்று அவரால் சொல்ல முடியாததால் கதை போதாது என்று முடிவாயிற்று. அந்த முடிவை மீளாய்வு செய்யும்படி அவர் வழமையான நீதிமன்றங்களை நாட முடியாது என்று 2020 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சட்டம் அப்படித்தான் கேட்கும் என்பதால் அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. சிக்கல் பிறகுதான் வருகிறது. கேஸுக்காகத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை, கேஸ் முடிந்த பின்னும் எமக்குள் குடியிருந்துவிடுகிறது. நான் துரத்தப்பட்டவன், இழந்தவன், இனி என்னால் ஆவதொன்றுமில்லை. இந்தக் கதை பொய்யல்ல. ஆனால் முழுமையும் அல்ல. இதற்கு மாற்றாக எமது விழா மேடைகளில் இன்னொரு கதை கிடைக்கிறது. 'அங்கை நாங்கள் ஆர் தெரியுமோ?' என்று தொடங்கி ஆண்ட பரம்பரையில் முடியும் கதை அது. இந்த இரண்டு கதைகளுக்கும் இடையில் ஆடிக்கொண்டிருப்பதே எம்மில் பலரது விதியாகிவிட்டது.

இந்த ஊசலாட்டம் எம்முடன் தொடங்கியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த சிலர் இதைவிட அப்பட்டமான வடிவில் இதை எதிர்கொண்டனர். அவர்களுள் நால்வரின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்ப்பது எமக்கு உதவும்.

முதலாமவர் பகத் சிங் திந்த். லாகூரில் தூக்கிலிடப்பட்ட பகத் சிங் வேறு, இவர் வேறு. பஞ்சாப்பில் 1892இல் பிறந்து, 1913இல் அமெரிக்கா வந்து, ஒரிகன் மாநிலத்து மரஆலையில் வேலைசெய்து, முதலாம் உலகப் போரின்போது 1918இல் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தவர். பிரஜாவுரிமை கேட்டபோது 1790ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. சுதந்திரமான 'வெள்ளையர்' மட்டுமே பிரஜையாகலாம் என்றது அது. 1870இல் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் அது விரிக்கப்பட்டது, ஆசியருக்கு இடமில்லை. திந்தின் தரப்பு ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தது. தான் உயர்சாதி இந்து, தூய ஆரிய இரத்தம், அக்கால இனநூலாரின் வகைப்படி 'கோக்கேசியன்', ஆகவே வெள்ளையன். அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படித்தான் உயர்சாதி இந்துவும் இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறான் என்பதும் அந்த வாதத்தின் ஒரு பகுதி.

1923 பெப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜோர்ஜ் சதர்லாந்து, இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்த ஒரு குடியேறியே. இதற்கு மூன்று மாதங்களுக்கு முன், யப்பானியரான தக்காவோ ஒசாவாவின் வழக்கில் 'வெள்ளையர்' என்றால் கோக்கேசியர் என்று எழுதியவரும் இவரே. திந்த் கோக்கேசியர் என்று வந்து நின்றபோது, இனநூல் வேண்டாம், சாதாரண மனிதன் 'வெள்ளையர்' என்று யாரை விளங்கிக்கொள்கிறானோ அவனே வெள்ளையன் என்றார். ஆட்டத்தின் நடுவில் விதி மாற்றப்பட்டது.

இந்த அநீதியைக் கண்டிக்கும்போதே நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. அந்த வாதம் வென்றிருந்தால்கூட அதன் வாசல் எமக்குத் திறந்திராது. ஆரிய இரத்தம் என்ற அளவுகோலில் ஒரு தமிழனுக்கு எந்த இடம்? தமிழருக்குள்ளும் சாதியால் கீழே தள்ளப்பட்டவருக்கு எந்த இடம்? இன்னொருவனைக் கீழே வைத்துத் தன்னை உயர்த்திக்கொள்ளும் கதை, தன்னைத் தாழ்த்தியவன் கையிலிருந்தே கடன்வாங்கிய கதை. கொடுத்தவன் நினைத்த நேரத்தில் அதைத் திருப்பிப் பறித்துக்கொள்வான். பெருமையின் பலவீனம் அதுதான்.

தீர்ப்பின் பின் அரசாங்கம் ஏற்கெனவே பிரஜையாகிவிட்டிருந்த இந்தியர்களின் பத்திரங்களையும் ஒன்றொன்றாகப் பறிக்கத் தொடங்கியது. அவ்வாறு பறிகொடுத்தவர்களுள் ஒருவர் பெஷாவரிலிருந்து வந்த வைஷ்ணோ தாஸ் பகாய். பிரித்தானிய ஆட்சியின் கீழ் அடிமையாக வாழ விரும்பாமல், கதர் இயக்கத்தின் பக்கம் நின்று, தன் பிள்ளைகள் சுதந்திர நாட்டில் வளரவேண்டும் என்று 1915இல் குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோ வந்தவர். கடை நடத்தினார், ஆங்கிலேயரைப் போல உடுத்தினார், 1921இல் பிரஜையானார். பிரஜாவுரிமை பறிபோனதும் கலிபோர்னியாவின் அந்நியர் நிலச் சட்டத்தால் சொத்துக்களையும் விற்க நேர்ந்தது. 1928இல் ஊருக்குப் போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டுக் கேட்டபோது மறுத்து, பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொள் என்றார்கள். எந்தக் கொடியிலிருந்து தப்பி வந்தாரோ அதே கொடியின் கீழ் திரும்பப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். அந்த மார்ச்சில் சான் ஹோசேயில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் முடிவுக்கான காரணத்தைப் பத்திரிகைக்கும் எழுதிவைத்திருந்தார்.

அவரைக் கோழை என்பது வரலாறு அறியாத பேச்சு. ஒரு நாட்டை நம்பித் தன்னை முழுதாக அதன் கதைக்குள் ஊற்றியவர் அவர். அந்தக் கதையிலிருந்து அவரது பெயரை அரசு அடித்துவிட்டபோது, நிற்பதற்கு வேறு கதை இருக்கவில்லை. கொலைக் கருவி எது என்று கேட்டால், ஒரு சட்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்றாமவர் சகாராம் கணேஷ் பண்டிட். லொஸ் ஏஞ்சல்ஸ் சட்டத்தரணி, 1914இல் பிரஜையானவர், திந்தின் தரப்பில் இயங்கியவர்களில் ஒருவர். பிராமணரான அவரே அந்த இனக் கதைக்குத் துணைநின்றவர். ஆனால் அவரது சொந்தப் பிரஜாவுரிமையைப் பறிக்க அரசு வந்தபோது அவர் அந்தக் கதையில் தங்கியிருக்கவில்லை. 1914இல் ஒரு நீதிமன்றம் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் எனக்குப் பிரஜாவுரிமை தந்தது. அரசு அப்போது மேன்முறையீடு செய்யவில்லை. அதை நம்பி நான் தொழிலையும் குடும்பத்தையும் இங்கே கட்டியெழுப்பினேன். முடிந்த வழக்கை இப்போது கிளற முடியாது. இதுவே அவரது வாதம். நான் யார் என்ற கேள்வியை விட்டு, நீ செய்தது முறையா என்ற கேள்விக்கு வழக்கைத் திருப்பினார். 1926இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1927இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அதோடு மற்றவர்களின் பத்திரங்களைப் பறிக்கும் வேலையும் ஓய்ந்தது. பகாயினது அதற்கு முன்பே பறிக்கப்பட்டுவிட்டது என்பது இந்தக் கதையின் கொடுமை.

திந்துக்கு உதவாத பெருமை பண்டிட்டுக்கும் உதவவில்லை. உதவியது அவரது கைத்தொழில். இங்கேதான் 'பெருமை' வேறு, 'வலு' வேறு என்று பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. பெருமை என்பது நான் யாருக்குப் பிறந்தேன் என்பது. வலு என்பது என்னால் என்ன செய்ய முடியும் என்பது. முன்னதை இன்னொருவன் ஒப்புக்கொள்ளவேண்டும். பின்னதை யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அது வேலைசெய்யும்.

நான்காமவர் வைஷ்ணோ தாஸின் மனைவி கலா பகாய். 1892இல் அமிர்தசரஸில் பிறந்தவர். 1915 செப்டெம்பரில் மூன்று ஆண்பிள்ளைகளோடு சான் பிரான்சிஸ்கோ வந்து, ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டவர். குடும்பம் இருபத்தையாயிரம் டொலர் கொண்டுவந்திருந்தது. அது காட்டப்பட்டதும் வழி திறந்தது. ஓர் இந்தியப் பெண் வந்திறங்குவது அந்நகருக்குப் புதினம். பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. எதைப் பற்றி? அவரது மூக்குத்தியைப் பற்றி. அமெரிக்கா கலாவைப் பற்றிச் சொன்ன முதற்கதை அவ்வளவுதான். அடுத்த கதையைப் பேர்க்லியின் அயலவர்கள் சொன்னார்கள். அங்கே வீடொன்று வாங்கிச் சாமான்களோடு போய் இறங்கியபோது, குடியேறவிடாமல் அயலவர் வீட்டைப் பூட்டிவைத்திருந்தனர். பிள்ளைகளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிக் குடும்பம் திரும்பிவிட்டது.

1928இல் அவர் விதவை. ஆங்கிலம் அதிகம் தெரியாது. மூன்று பிள்ளைகள். பிரஜாவுரிமை இல்லை. எந்தக் குடிவரவு அதிகாரி அவரது கேஸை எழுதினாலும் 'ஆதரவற்ற பெண்' என்ற இரண்டு சொற்களில் முடித்திருப்பார். ஆனால் அந்தப் பெண் இராப்பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படித்தார். கணவர் விட்டுச்சென்ற காசைக் கையாளப் பழகிக்கொண்டார். பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை படிப்பித்தார். குடும்ப நண்பரான மகேஷ் சந்திராவை மறுமணம் செய்துகொண்டார். அன்றைய இந்தியச் சமூகம் விதவைக்கு எழுதிவைத்திருந்த கதையையும் இதனால் அவர் மீறினார் என்பதைக் கவனிக்கவேண்டும். 1946இன் பின் அமெரிக்கப் பிரஜையானார். பிற்காலத்தில் தென் கலிபோர்னியாவில், புதிதாக வந்திறங்கும் தெற்காசியக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டு, ஆளுக்கு ஆள் அறிமுகம் செய்துவைத்து, கலைநிகழ்ச்சிகள் ஒழுங்குசெய்து ஒரு சமூகத்தையே கூட்டிச் சேர்த்த தாயாக அறியப்பட்டார். 1983இல் காலமானார்.

இதில் எந்த வலு புதிதாக வந்தது? ஒன்றுமில்லை. வந்தவரை அமர்த்தி உணவு கொடுப்பது, நாலுபேரை ஒன்றுசேர்ப்பது, காசை எண்ணிச் செலவழிப்பது எல்லாம் கப்பலேறும்போதே அவர் கையோடு வந்தவை. மூக்குத்தியைக் கண்ட கண்களுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டு வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பப்பட்ட பெண், பிறகு வந்தவர் எல்லோருக்கும் வாசலைத் திறந்து வைத்தவராக வாழ்ந்தார். தன்னைப் பற்றிய கதையை அவர் வாதாடி மாற்றவில்லை, செய்துசெய்தே மாற்றினார்.

உளவியலாளர்கள் இதற்குப் பின்னாளில் பெயர்கள் கொடுத்தனர். அவுஸ்திரேலியரான மைக்கேல் வைற்றும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்ரனும் 1990இல் வெளியிட்ட நூலில், மனிதர் தம் வாழ்க்கையைக் கதைகளாகவே விளங்கிக்கொள்கின்றனர் என்றும், துயரம் மேலோங்கிய ஒரு கதை மற்ற அனுபவங்களை விழுங்கிவிடுகிறது என்றும், அந்தக் கதைக்குள் அடங்காத சிறுசிறு சம்பவங்களைத் தேடியெடுப்பதே மீட்சியின் தொடக்கம் என்றும் விளக்கினர். 2004இல் கிறிஸ்ரபர் பீற்றர்சனும் மார்ட்டின் செலிக்மனும் மனிதரின் குணவலுக்கள் இருபத்துநான்கைப் பட்டியலிட்டனர்.

இவை பயனுள்ளவை. ஆனால் இவற்றோடு ஒரு ஆபத்தும் வருகிறது. 'உன் வலுவை நீ கண்டுபிடி, உன் கதையை நீ மாற்று' என்று தனிமனிதனிடம் மட்டும் சொன்னால், சட்டம் தப்பிவிடும். கலா இராப்பள்ளியில் எவ்வளவு படித்திருந்தாலும் 1946 யூலை 2இல் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம் வராவிட்டால் பிரஜையாகியிருக்க மாட்டார். அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. ஜே. ஜே. சிங், முபாரக் அலி கான் போன்றோர் வொஷிங்ரனில் ஆண்டுக்கணக்காகப் படியேறி இறங்கியதன் விளைவு அது. அப்போதும் ஆண்டுக்கு நூறு இந்தியர் என்ற அளவுதான் கிடைத்தது. கதையை வலு மாற்றும். பத்திரத்தைக் கூட்டு முயற்சிதான் மாற்றும். இரண்டும் வேண்டும்.

அந்நியர் கதையாக இதை வாசித்துவிட்டுப் போக எமக்கு உரிமை இல்லை. அமெரிக்கா 1946இல் கதவைச் சிறிது திறந்தபோது, இரண்டு ஆண்டு கழித்து எமது தீவில் கதவு சாத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி உடன்பாடு அவர்களை ஐந்தேகால் இலட்சம், மூன்று இலட்சம் என்று பங்குபிரித்தது. 'கள்ளத்தோணி' என்ற சொல்லை அவர்கள்மேல் ஒட்டினார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சேர்த்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நாமே.

அந்த மக்கள் என்ன செய்தனர்? சட்டத்துக்கு முன்பே, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலைமையைப் பாட்டாகக் கட்டி மேடைகளில் பாடினார். துண்டுப்பிரசுரம் வாசிக்கத் தெரியாதவர்களிடமும் பாட்டுப் போய்ச் சேர்ந்தது. அறுபதுகளிலிருந்து அம்மக்களின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அரசு வைத்த 'இந்தியத் தமிழர்' என்ற பெயரை ஒதுக்கி, தாம் காடழித்து உருவாக்கிய மண்ணின் பெயரால் 'மலையகத் தமிழர்' என்று தம்மை அழைத்தனர். இங்கே பரம்பரைப் பெருமை எதுவும் பேசப்படவில்லை. நாம் உழைத்த இடம் இது, ஆகவே நாம் இவ்விடத்தார் என்ற வலுவின் பெயர் அது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. ஆனால் கதை அதற்கு வெகு முன்பே மாறத் தொடங்கிவிட்டது.

பேர்க்லிக்கு வருவோம். 2020இல் அந்நகரசபை நகர மையத்திலுள்ள ஷாட்டக் அவெனியூவின் ஒரு துண்டுக்குக் கலா பகாயின் பெயரைச் சூட்ட முடிவுசெய்தது. ஒரு காலத்தில் எந்த ஊரில் அவருக்கு வீடு பூட்டப்பட்டதோ அந்த ஊரில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. எனினும் தெருப்பலகையைவிடப் பெறுமதியானதாக எனக்குப் படுவது வேறொன்று. 1982இல், இறப்பதற்கு ஓராண்டு முன், குடும்பத்தார் அவரை இருத்தி வைத்துக் கேட்டு அவரது பேச்சைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தப் பதிவும் குடும்பம் காத்துவைத்த கடிதங்களும் படங்களும் இல்லாவிட்டால், கலா பகாய் இன்றும் ஒரு பத்திரிகைத் துணுக்கில் வெறும் மூக்குத்தியாகவே இருந்திருப்பார்.

எடிசனிலும் பிறீமொன்ரிலும் ஹூஸ்ரனிலும் எம்மவர் வீடுகளில் அந்தப் பழைய கேஸ் கோப்புகள் இன்னும் பத்திரமாக இருக்கக்கூடும். அவை இருக்கட்டும்; அவையும் வரலாறே. ஆனால் அந்த வீட்டு அம்மாவுக்கு எத்தனை குடும்பங்களை முதல்மாத வாடகைக்குக் காசு புரட்டிக் கரையேற்றத் தெரிந்திருந்தது, அந்த வீட்டு ஐயா இரவு வேலை முடிந்து வந்து எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்களைக் கேட்டால் 'அதென்ன பெரிய விசயமே?' என்பார்கள். பெரிய விசயம்தான். பிள்ளைகளே, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயந்ததை மட்டும் கேட்காதீர்கள். செய்ததையும் கேளுங்கள்.